கிட்டாருக்குள் வண்டு

என் கிட்டாருக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டு இருபத்திரண்டு நாட்கள் ஆகிவிட்டன. நிஜ வண்டாக இருந்தால் கையை விட்டு எடுத்து நசுக்கியிருப்பேன். இது சத்த வண்டு. பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்டதும் 'ங்ங்ங்' என்று ஆரம்பிக்கும். வாசித்தாலும் கத்தும், வாசிக்காவிட்டாலும் கத்தும். நடுவில் திடீரென்று 'டர்ர்ர்' என்று ஒரு பொரிச்சல் வேறு. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பான்?

இதில் கேவலம் என்னவென்றால், நான் எலக்ட்ரீஷியன். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. சுண்ணாம்புக்கல்லை மாவாக்குகிற மில்லின் மோட்டார் நின்றுபோனால், "அரியமுத்து எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவனின் கிட்டாரிலேயே கரண்டுக் கோளாறு. ஆலை கேண்டீனில் டீ குடிக்க உட்கார்ந்தால் பின்னாலிருந்து எவனாவது 'ங்ங்ங்' என்பான். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் உத்தமர்கள் போல வடை தின்றுகொண்டிருப்பார்கள்.

சிரிப்பைக்கூட தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மாஸ்டர் சொன்னதுதான். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவர் சிவசுப்பிரமணியன். அரியலூரில் வீடு. எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். அவர் குழுவில் பதிமூன்று வருஷமாக நான்தான் கிட்டார். ஷிப்ட் முடிந்து, கண் எரிய எரிய, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாசித்திருக்கிறேன். காய்ச்சலோடு வாசித்திருக்கிறேன். அவர் போன செவ்வாய்க்கிழமை போனில் கூப்பிட்டு, ஏதோ பால்காரனிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அரியமுத்து, சனிக்கெழம விக்கிரமங்கலத்துல கல்யாண வரவேற்பு. அதுலயும் அந்த வண்டு கத்துச்சுன்னா நீ கிட்டார கழட்டி வெச்சிரு. பெரம்பலூர்லேருந்து அறிவரசன வரச் சொல்லியிருக்கேன். அவன் கீபோர்டுலயே கிட்டார் சத்தம், வீணை சத்தம் எல்லாம் குடுக்கிறான்."

"அன்னிக்கு ஒரு நாளுக்கா மாஸ்டர்?"

"இனிமேலுக்கே சொல்றேன்."

அவ்வளவுதான். பதிமூன்று வருஷத்தை ஒரு போனில் முடித்துவிட்டார்.

இந்தச் சனியன் எப்போது ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஆயுத பூஜையன்று எங்கள் குழுவின் எல்லாக் கருவிகளையும் மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் வாழையிலை விரித்து அடுக்கி வைப்போம். தபேலா, டிரம்ஸ், என் கிட்டார் எல்லாவற்றுக்கும் மாஸ்டரே தன் கையால் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பார். வேறு யாரும் வைக்கக் கூடாது. அந்தப் பொட்டைத் துடைக்கவும் கூடாது. அது தானாக உதிர வேண்டும். அடுத்த பூஜை வரைக்கும் தங்கினால் அந்த வருஷம் கச்சேரிக்குக் குறையிருக்காது என்பது மாஸ்டரின் நம்பிக்கை. எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும்தான். நான் மட்டும் என்ன மேலிருந்து குதித்தவனா?

இந்த வருஷம் மாஸ்டர் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்திருந்தார். என் கிட்டாரின் முன்பக்கத்தில், பிளக் மாட்டுகிற ஓட்டையைச் சுற்றி, சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு தகடு உண்டு. பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் உண்டா? கட்டைவிரலால் அள்ளி அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமம். பார்க்கவே அம்சமாக இருந்தது. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து, பெயருக்கு இரண்டு தட்டுத் தட்டிப் பெட்டியில் வைத்தேன். அதன்பிறகு ஆலையில் ஷிப்ட் மேல் ஷிப்ட். ஐப்பசி பிறந்து உடையார்பாளையத்தில் முதல் கச்சேரி. காய்ந்து கட்டியாகிப் போன சந்தனத்தின் நடுவில் மட்டும் பிளக் நுழைகிற அளவுக்கு மெல்லக் குடைந்து, சுற்றிலும் வட்டம் கலையாமல் பிளக்கை மாட்டினேன்.

'ங்ங்ங்.'

எங்களுக்கு ஒன்பது வருஷமாக சவுண்டு செட்டு போடுகிறவர் ரகமத்துல்லா பாய். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். சத்தம் கேட்டதும் மிக்ஸரை விட்டு எழுந்து மேடைக்கு வந்தார்.

"கம்பியத் தொடுங்க சார்."

தொட்டேன். சத்தம் கூடியது.

"இப்ப பிளக்கோட இரும்பத் தொடுங்க."

தொட்டேன். சத்தம் குறைந்தது. பாய் குனிந்து பிளக் மாட்டியிருந்த இடத்தையே பார்த்தார். கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

"சார், இந்த எடத்த கொஞ்சம்..." என்றவர் நிமிர்ந்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல. பிளக்க ஒரு தடவ நல்லாத் தொடச்சுப் போடுங்க."

பிளக்கைச் சட்டையில் துடைத்துப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. எனக்குள் இருந்த எலக்ட்ரீஷியன் விழித்துக்கொண்டான். பிளக்கின் இரும்பைத் தொட்டால் சத்தம் குறைகிறதா? அப்படியென்றால் செட்டுப் பக்கம் எர்த் சரியில்லை. முடிந்தது கதை.

"பாய், ஒங்க செட்டுக்கு எர்த் இருக்கா இல்லியா?"

"இருக்கு சார். நானே கம்பி அடிச்சு எடுத்திருக்கேன்."

"என்னத்த எடுத்தீங்க? இருந்தா இப்படியா கத்தும்?"

பாய் போய் எர்த் கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். வண்டு கத்திக்கொண்டேதான் இருந்தது. அன்றைக்கு மெலடிப் பாட்டில் நான் வாசிக்க வேண்டிய இடத்தில் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நான் வாசித்ததே யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். என் சின்ன ஸ்பீக்கரில் மாட்டினால் அங்கேயும் கத்தியது. உடனே பாய்மேல் தப்பில்லை என்று புரிந்திருக்க வேண்டுமே, புத்தி இருந்தால்! என் புத்தி வேறு பக்கம் ஓடியது. பாயின் செட்டில் எர்த் இல்லாமல் மாட்டியதில் கிட்டாருக்குள்ளும் ஏதோ அடிபட்டுவிட்டது என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அதோடு வீட்டுக் கரண்டிலும் சந்தேகம் வந்துவிட்டது. டியூப் லைட்டை அணைத்தேன். ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்தினேன். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். டிவி, செல்போன் சார்ஜர், கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன சிவப்பு பல்பு வரைக்கும்.

என் மனைவி ஜெயசுதா இருட்டில் வந்து நின்றாள்.

"வூட்டையே மசானமாக்கிப்புட்டீங்களே. நல்லாத்தான் இருக்கு. பிரிட்ஜுல மாவு புளிச்சுப் போனா வண்டு வந்து தோசை சுட்டுத் தருமா?"

"கொஞ்சம் சும்மா இருடி. காதுல வுழுதா பாரு, சத்தம் கொறஞ்சிருக்கா?"

"ஒரு மயிரும் கொறையல."

குறையவில்லைதான். மறுநாள் கொல்லைப்புறத்தில் எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "என்ன அரியமுத்து, ஊறுகா போடுறியா?" என்றார். அதற்கும் சிரித்து வைத்தேன். கேபிளை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 'பீப்' என்றது, கேபிள் நன்றாக இருக்கிறது. கிட்டாரைத் திறந்து உள்ளே கம்பிகள் கட்டிய இரும்பிலிருந்து பிளக் ஓட்டையின் பின்பக்கம் பற்ற வைத்திருக்கும் ஒயர் வரைக்கும் பார்த்தேன். 'பீப்.' அதுவும் நன்றாக இருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் எந்த எழவுக்குக் கத்துகிறது?

"அத ஒரு தடவ நல்லாத் தொடச்சுட்டுத்தான் பாருங்களேன். ஒரே தூசியும் காஞ்ச சந்தனமுமா இருக்கு," என்று ஜெயசுதா ஈரத்துணியோடு வந்தாள்.

"பூஜைப் பொட்டுல கைய வெச்சே, பாத்துக்க!"

நான் போட்ட சத்தத்தில் அவள் துணியை என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த கச்சேரி அரியலூரில், ஒரு சீமந்தம். வண்டு முன்னைவிட ஜோராகக் கத்தியது. பெண்ணின் தாய்மாமன் எழுந்து வந்து, "என்ன தம்பி, ஏரோப்ளேன் எறங்குதா?" என்று கேட்டான். கூடியிருந்த சனமெல்லாம் சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. மேடையிலிருந்து இறங்கி நேராகப் பாயிடம் போனேன். நாலு பேர் இருக்கிறார்கள், வயதில் பெரியவர் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"ஓட்ட செட்ட வெச்சுக்கிட்டு ஏன் பாய் எங்க உசுர வாங்குறீங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. ஒங்களால எம் மானம் போவுது!"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மாஸ்டர் வருவதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"மாஸ்டர், இந்த செட்ட மாத்துங்க. இல்லன்னா இது தீராது," என்றேன். "நான் எலக்ட்ரீஷியன் சொல்றேன்."

மாஸ்டர் தலையாட்டினார். நிகழ்ச்சி முடிந்ததும் பாயிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், இனிமேல் வர வேண்டாம் என்று. பாய் ஒயர்களை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு, வண்டியில் ஏற்றினார். போகும்போது, "வரேன் சார்," என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாஸ்டரின் போன் வந்தது. முதலிலேயே சொன்னேனே, அந்தப் போன். ஆக செட்டை மாற்றினால் போதாது, கிட்டாரையும் யாரிடமாவது காட்டித்தான் ஆக வேண்டும். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அரியலூரிலிருந்து பெரம்பலூர் பஸ் ஏறினேன். நல்ல மழை. ஜன்னல் ஷட்டர் மூடாது. கிட்டாரை மடியில் போட்டு, மேலே என் சட்டையையே கழற்றிப் போர்த்தி, பனியனோடு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெரம்பலூரில் மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் பார்க்கிற அமாவாசை என்பவர் கெட்டிக்காரர் என்று சொல்லியிருந்தார்கள். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்ததும் முதலில் பொட்டைத்தான் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பூஜ போட்டதா?"

"ஆமாங்க. மாஸ்டர் கையால வெச்சது."

"ஓரமா புடிச்சுக்கிறேன், பயப்படாதீங்க. நான் ஏன் கலைக்கிறேன்."

பிளக் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, சந்தனத்தில் ஒரு துகள்கூட உதிராமல் அப்படியே திருப்பிப் போட்டார். அவர் பக்குவத்தைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. உள்ளே வால்யூம் பாகத்தை மாற்றினார். பள்ளம் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினார். பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாகப் பற்ற வைத்தார். பிறகு தன் கிளிப் ஒயரைத் தகட்டின் பின்பக்கம் நேராகக் கவ்வ வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

ஒரு சத்தமில்லை. கம்பியைத் தட்டினேன். சுத்தமாக, கணீரென்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து மூன்று தடவை கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிளக்கை மாட்டினேன்.

'ங்ங்ங்.'

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயசுதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்திரிச்சு வந்து சோறு தின்னுங்க. இந்தக் கிட்டாரு போனா உசுரா போயிரும்?"

"ஆமா, போயிரும்," என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆலையில் நான் வருகைப் பதிவில் ஒரு டிக்கெட் நம்பர். வீட்டில் கரண்ட் பில், கேஸ் சிலிண்டர். மேடையில் நிற்கிற அந்த மூன்று மணி நேரம்தான் நான் அரியமுத்து. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சோற்றைத் தின்றேன்.

சனிக்கிழமை விக்கிரமங்கலம். மழை விட்டிருந்தது. மண்டபத்து வாசலில் வாழை மரம், சேறு, செருப்புக் குவியல். சாயங்காலம் நாலு மணிக்கே போய்விட்டேன். மேடையில் பெரம்பலூரிலிருந்து வந்த புது சவுண்டு செட்டு பளபளவென்று நின்றது. அதற்குப் பக்கத்தில் அறிவரசன் கீபோர்டை விரித்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வணக்கம்ண்ணே," என்று எழுந்தான். மரியாதையான பையன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிளக்கை மாட்டினேன். புது செட்டு, புது எர்த், புது கேபிள். அதே பழைய வண்டு.

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். கத்தக்கூட இல்லை.

"போதும் அரியமுத்து. பெட்டியில வெச்சிரு."

"மாஸ்டர், ஆறரைக்குத்தானே ஆரம்பிக்கிறோம். அது வரைக்கும் பாக்குறேன்."

"என்னத்தப் பாப்பே? இருபது நாளாப் பாத்துக் கிழிச்சியே."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பக்கவாட்டில் வந்தேன். அங்கே ஏணிமேல் ஒருவர் நின்று வேப்பமரத்துக்கு சீரியல் செட் மாட்டிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ரகமத்துல்லா பாய். எங்கள் குழு கைவிட்டதும் லைட் வேலைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். பெண் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது? ஆனால் போக்கிடம் வேறில்லை.

"பாய்."

"வாங்க சார்." அவர் கீழே பார்த்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"உடையார்பாளையத்துல என்னமோ சொல்ல வந்தீங்க. அரியலூர்லயும் வாயத் தெறந்தீங்க. என்ன பாய் அது?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். கையிலிருந்த பல்புச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். மேடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"சார், ஒங்க கேபிளு நல்லாருக்கும். கிட்டாருக்குள்ள ஒயரும் நல்லாருக்கும். மீட்டரு வெச்சுப் பாத்திருப்பீங்க."

"பாத்தேன். எல்லாம் பீப்புன்னுது."

"பிளக்க மாட்டி, கேபிளோட அந்தக் கடைசிலேருந்து கிட்டார் கம்பி வரைக்கும் சேத்துப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இருபத்திரண்டு நாளில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஓட்டை இருக்குல்ல சார், அதோட உள் சுத்துதான் எர்த்து. பிளக்கு அதுல ஒரசணும். அதுக்குள்ள சந்தனம் போயிக் காஞ்சு கெடக்கு. அத தொடைச்சா சரியாயிரும்."

அமாவாசை கடையில் ஏன் கத்தவில்லை என்பதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவர் கிளிப்பைப் பின்பக்கம் கவ்வ வைத்தார். ஓட்டை வழியாக மாட்டவே இல்லை. பொட்டு கலைந்துவிடுமாம்! நாங்கள் எல்லோரும் அந்தப் பொட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஊரையே தோண்டியிருக்கிறோம்.

"அன்னிக்கே தெரியுமா பாய்?"

"தொட்டுப் பாக்கச் சொன்னேனே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?" எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், எல்லாம் ஒன்றாக வந்தது. "அத்தன பேரு முன்னாடி என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, பொழப்பையும் வுட்டுட்டுப் போனீங்களே!"

"எப்படி சார் சொல்லுவேன்? பூஜையில வெச்ச பொட்டு. நீங்க ஒரு துளி உதுராம பாத்துப் பாத்து மாட்டுறீங்க. ஒரு பாயி வந்து 'சந்தனத்தத் தொடச்சுப் போடுங்க'ன்னு சொன்னா, நீங்க ஒண்ணும் நெனைக்க மாட்டீங்க. மாஸ்டரு நெனைப்பாரு. அங்க நிக்கிற நாலு பேருல ஒருத்தன் நெனைப்பான். முன்ன மாதிரின்னா சொல்லியிருப்பேன். இப்பல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்கிறதுதான் நல்லதுன்னு எங்க வூட்ல சொல்லிச் சொல்லி அனுப்புறாங்க." அவர் பல்புச் சரத்தைச் சரிசெய்தார். "எர்த்து இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் சார் வலிச்சுது. ஒம்போது வருஷத்துல ஒரு நாளு எர்த்து இல்லாம நான் செட்டு போட்டதில்ல."

"தப்புதான் பாய்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"ஒங்க கையாலயே எடுங்க. நான் தொட மாட்டேன்," என்று தீக்குச்சி ஒன்றை எடுத்து, நுனியில் பஞ்சு சுற்றி, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். ஓட்டைக்குள் விட்டுத் திருகினேன். மஞ்சளாகக் கரைந்து வந்தது. மூன்று குச்சி ஆயிற்று. சுற்றியிருந்த சந்தனக் கட்டியையும் மெல்லப் பெயர்த்தேன். கீழே போட மனசு வரவில்லை. நனைத்துக் குழைத்து என் நெற்றியிலேயே இட்டுக்கொண்டேன். காய்ந்த துணியால் ஓட்டையைத் துடைத்தேன்.

மேடைக்கு ஓடிப் பிளக்கை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

நிசப்தம். ஸ்பீக்கர் செத்துவிட்டதோ என்று பயந்து ஒரு கம்பியைத் தட்டினேன். கணீரென்று மண்டபம் முழுக்கப் போயிற்று. கையை எடுத்தால் மறுபடி நிசப்தம். டிரம்ஸ்காரன் கைதட்டினான். மாஸ்டர் ஓடி வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"பாத்தியா! செட்ட மாத்தினேன், கொஞ்சம் சூடேறினதும் சரியாயிருச்சு. நீ சொன்னதுதான்டா சரி. கோளாறு பூராவும் அந்தப் பாய் செட்டுலதான் இருந்திருக்கு. நில்லு, நீயே வாசி. அறிவரசன் கூட இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் பொண்ணு வீட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். சரி, நிகழ்ச்சி முடிந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் இடம் இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஒரு ராத்திரி பொறுத்தால் என்ன கெட்டுப்போகும்?

ஆறரைக்கு ஆரம்பித்தோம். முதல் பாட்டு வாசித்தேன். அந்த மாதிரி நான் வாசித்து எத்தனையோ நாளாயிற்று. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சுத்தமான வெறுமை. சனம் கைதட்டியது. மாஸ்டர் பூரித்துப்போய் மைக்கை எடுத்தார்.

"கொஞ்ச நாளா நம்ம நிகழ்ச்சியில ஒரு எரைச்சல் இருந்துச்சு, கேட்டிருப்பீங்க. பழைய சவுண்டு செட்டுக்காரர் செஞ்ச குளறுபடி. அவர மாத்தியாச்சு. இப்ப கேளுங்க, சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்!"

எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. மண்டபத்து வாசலிலும் கேட்டது, வேப்பமரத்தடியிலும் கேட்டது. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்த்தேன். பாய் ஏணியில் நின்றபடி ஒரு பல்பைத் திருகிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. திருகிக்கொண்டேதான் இருந்தார்.

அடச்சீ என்று ஆகிவிட்டது. பக்கத்தில் பாடகி வைத்திருந்த மைக்கை வாங்கினேன்.

"அந்த எரைச்சல் பாய் செட்டுல இல்லீங்க. என் கிட்டாருல இருந்துச்சு. பூஜைச் சந்தனம் பிளக் ஓட்டைக்குள்ள போயி அடைச்சுக்கிடுச்சு. எலக்ட்ரீஷியனா இருந்தும் எனக்குத் தெரியல. பாய்தான் கண்டுபுடிச்சு இன்னிக்கு சரி பண்ணினாரு. நான்தான் அவர நாலு பேரு முன்னாடி தப்பாத் திட்டிட்டேன். நாலு பேரு முன்னாடியே சொல்லிக்கிறேன்."

சனம் சிரித்தது. எவனோ விசிலடித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"என் கையால வெச்ச சந்தனந்தான் கோளாறுன்னு மேடையில ஏறிச் சொல்றியா?"

"கோளாறு சந்தனத்துல இல்ல மாஸ்டர். அத தொடைக்காம வுட்ட என்கிட்ட."

"பதிமூணு வருஷம் நான் வெச்சு ராசியில்லாமப் போயிருச்சா ஒனக்கு? கீழ எறங்கு."

"மாஸ்டர்..."

"எறங்குன்னு சொன்னேன். அறிவரசா, அடுத்த பாட்ட ஆரம்பி."

பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு 'டப்' சத்தம்கூட வரவில்லை. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்த சனத்தின் நடுவில் நடந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன்.

பாய் ஏணியிலிருந்து இறங்கி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒங்களுக்கென்ன கிறுக்கா சார்? யா அல்லா! ஒரு மனுஷன் இப்படியா பண்ணுவான்? நாளைக்கு வூட்ல போயி அவருகிட்ட மெல்லச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாளைக்குன்னா சொல்லியிருக்க மாட்டேன் பாய்."

உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் வாசிக்க வேண்டிய இடத்தில் அறிவரசன் கீபோர்டில் கிட்டார் சத்தத்தை வாசித்தான். ஒரு பிசிறில்லை.

"நல்லாத்தான் வாசிக்கிறான்," என்றார் பாய்.

"மண்ணாங்கட்டி," என்றேன். குரல் உடைந்துவிட்டது. "வயிறு எரியுது பாய்."

"எரியத்தான் செய்யும்." அவர் என் தோளிலிருந்து கிட்டாரை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. நனையாத இடமாகப் பார்த்து, தன் ஒயர் பெட்டிமேல் படுக்க வைத்தார். "இன்னும் ரெண்டு வரிசை மாட்டணும். சேத்துல கால் வழுக்குது. அந்த ஏணியக் கொஞ்சம் கெட்டியாப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன்.